பின்னொட்டை உரித்தெறிவோம்!

“வழி விடு!”

குரல் எழவில்லை, கொம்பு ஊதவில்லை, கட்டியங்காரன் எவனும் முன்னால் ஓடி வரவில்லை. எனினும் கட்டளை பிறந்துவிட்டது! பிறப்பித்தது யார்? ஒரு சாண் நீளமுள்ள தாள். காரின் முன்கண்ணாடியிலே ஒட்டப்பட்ட தாள். அதிலே ‘பிரஸ்’ என்றோ, ‘போலீஸ்’ என்றோ, ‘தலைமைச் செயலகம்’ என்றோ, ‘வழக்கறிஞர்’ என்றோ நாலைந்து எழுத்துகள். அந்த எழுத்துகளைக் கண்டதும், வெயிலிலே வெந்து நிற்கும் போக்குவரத்துக் காவலரின் கை, தடுப்பதற்காக எழுந்த கை, தயங்குகிறது, தாழ்கிறது. பின்னால் வரும் காய்கறி வண்டிக்காரரை மட்டும் அதே கை ஓரங்கட்டச் சொல்கிறது. பாவம், அவர் வண்டியிலே ஒட்டு இல்லை, உருளைக்கிழங்குதான் இருக்கிறது!

கார் கடந்து போகிறது. போகும்போது முதுகைக் காட்டுகிறது. முதுகிலே இன்னோர் ஒட்டு! பாயும் சிங்கம், பக்கத்திலே குறுக்காக இரு வாள்கள், கீழே கொட்டை எழுத்திலே ஒரு சாதியின் பெயர், அதற்கும் கீழே ‘ஆண்ட பரம்பரை’ என்ற பட்டயம். ஆண்ட பரம்பரை, அறுபது மாதத் தவணையிலே வாங்கிய வண்டி அது! அடுத்த தவணை தவறினால் வங்கிக்காரர் வந்து வாளையும் சிங்கத்தையும் சேர்த்தே ஓட்டிச் செல்வார்.

முகத்திலே பதவி! முதுகிலே சாதி! நடுவிலே அமர்ந்திருக்கும் மனிதனை மட்டும் காணோம்! அவன் பண்பு என்ன, படிப்பு என்ன, பிறர்க்கு அவனால் ஆகும் பயன் என்ன என்று சொல்ல அந்த வண்டியிலே ஒரு சொல் இல்லை. இருக்கும் இரண்டு ஒட்டுகளில் ஒன்று, வேலை செய்வதற்காக மக்கள் இரவலாகத் தந்த பதவி. மற்றொன்று, பிறப்பு என்னும் தற்செயல் அவன்மீது தெளித்த சாயம். இரவலையும் தற்செயலையும் தன் சொத்தென்று காட்டித்தான் அவன் சாலையிலே இடம் கேட்கிறான்.

“நாட்டிலே எத்தனையோ இன்னல்கள் இருக்க, காரிலே ஒட்டிய தாளைப் பற்றியா எழுத வேண்டும்? அவன் கார், அவன் காசு, அவன் ஒட்டுகிறான். உமக்கேன் உறுத்துகிறது?” என்று நண்பர் கேட்பார். கேட்கட்டும். கார் அவனுடையது, மறுக்கவில்லை. ஆனால் சாலை அவனுடையதா? தன் வீட்டு வரவேற்பறையிலே வாளை மாட்டி, வலப்புறம் சிங்கத்தை நிறுத்தி, வாய்க்கு வந்த பரம்பரையின் பேரைப் பொறித்துக்கொண்டு அவன் அழகு பார்க்கட்டும். யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. சாலை அப்படியன்று. அது ஊராரின் வரிப்பணத்திலே போட்டது. அங்கே சட்டம் ஒன்றே ஒன்று: சிவப்பு எரிந்தால் நில், பச்சை எரிந்தால் செல். நாற்சந்தியிலே நிற்கும் அந்த விளக்குக் கம்பத்தைப் போன்ற சமத்துவ ஆசான் வேறு எவரேனும் உண்டா? வருகிறவன் குலத்தை அது கேட்பதில்லை, கோத்திரத்தைக் கேட்பதில்லை, மாமன் எந்தத் துறையிலே அதிகாரி என்று விசாரிப்பதில்லை. அந்த ஆசானின் பாடத்தை அழிக்க வந்த கரித்துணிதான் இந்த ஒட்டு!

இந்தப் பித்தம் நேற்றுப் பிடித்ததன்று. வண்டியைக் குதிரை இழுத்த காலத்திலேயே இருந்தது. ஐரோப்பாவிலே பிரபுக்கள் தம் சாரட்டு வண்டியின் கதவுகளிலே குலச் சின்னத்தைத் தீட்டி வைத்தனர்: கேடயம், கழுகு, சிங்கம், மகுடம். வண்டிக்குப் பூச்சு வேலை செய்த பட்டறைகளிலே அந்தச் சின்னத்தைத் தீட்டுவதற்கென்றே தனி ஓவியர்கள் இருந்தனர். தெருச் சேற்றிலே நடந்து போன ஏழைக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. படத்தைக் கண்டால் ஒதுங்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்தால் போதும் அல்லவா?

1789-லே பாஸ்டீல் சிறை தகர்ந்தது. மறு ஆண்டு ஜூன் திங்கள் 19-ஆம் நாள், பிரெஞ்சு மக்களின் பேரவை ஓர் ஆணை பிறப்பித்தது. பரம்பரைப் பிரபுத்துவம் ஒழிந்தது, பட்டங்கள் ஒழிந்தன, ஏவலாளர்க்கு அணிவித்த குலச் சீருடை ஒழிந்தது, அவற்றோடு சேர்ந்து குலச் சின்னங்களும் ஒழிந்தன! வண்டிக் கதவுகளிலே உறுமிக்கொண்டிருந்த சிங்கங்களின்மேல் வண்ணம் பூசி மறைத்தனர். ரொட்டிக்காகக் கிளம்பிய புரட்சி, அரசுரிமையை அசைத்த புரட்சி, வண்டிக் கதவிலிருந்த படத்தை ஏன் தேடிப் போய்த் தீண்டிற்று? ‘சின்னந்தானே, சின்ன விஷயந்தானே’ என்று அவர்கள் எண்ணவில்லை. ஒருவனை உயர்ந்தவன் என்று நாள்தோறும் தெருவிலே நினைவூட்டும் படம் இருக்கும் வரையில், ஏட்டிலே எழுதிய சமத்துவம் ஏட்டோடுதான் நிற்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் வேறு வழி கண்டனர். சின்னத்தை அழிக்கவில்லை, அதன்மேல் வரி போட்டனர்! 1798-லே வந்தது அந்த வரி. குலச் சின்னம் வைத்துக்கொள்வோர் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். சாரட்டு வண்டி வைத்திருப்போர் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆணவத்துக்கு ஆண்டுச் சந்தா! ஏறத்தாழ 150 ஆண்டுகள் வசூலித்து, 1944-லேதான் அந்த வரியை எடுத்தனர். வணிகர் நாடு அல்லவா? மமதையைக்கூட வருமானமாக்கிக் கொண்டனர். ஆனால் மமதையோ குறையவில்லை. காசு கொடுத்து வாங்கியது ஆதலால், அதற்கு மதிப்புக் கூடிற்று என்றே எண்ணினர் சீமான்கள்.

பிறகு குதிரை போய் எஞ்சின் வந்தது. சின்னம் போயிற்றா? அதுதான் வேடிக்கை! அமெரிக்க நாட்டின் ஆடம்பரக் கார்களிலே புகழ்பெற்றது ‘காடிலாக்’. அதன் முகப்பிலே ஒரு குலச் சின்னம் உண்டு. யாருடைய குலம்? 1701-லே டெட்ராய்ட் நகருக்கு அடிகோலிய அந்துவான் காடிலாக் என்ற பிரெஞ்சுக்காரருடையது. அவர் பிரபுவா? இல்லை! 1658-லே தென் பிரான்சின் சிற்றூர் ஒன்றிலே வழக்கறிஞர் மகனாகப் பிறந்தவர். பிறந்தபோது பெயர் அந்துவான் லோமே. கடல் கடந்து அமெரிக்காவுக்கு வந்ததும், ‘தெ லா மோத் காடிலாக்’ என்று பிரபுப் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். குலச் சின்னத்தையும் தாமே வகுத்துக்கொண்டார். கேட்பார் யாருமில்லை, கடல் நடுவே இருந்தது! 1902-லே தொடங்கிய கார்க் கம்பெனி அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் அந்தச் சின்னத்தையும் வணிக முத்திரையாகப் பதிந்துகொண்டது. இல்லாத பரம்பரையின் பொல்லாத சின்னம், கோடீசுவரர்களின் காரிலே ஒரு நூற்றாண்டு ஊர்வலம் வந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி அதிலிருந்த பறவைகளையும் கிரீடத்தையும் கம்பெனியே எடுத்துவிட்டது. எடுத்த பிறகும் கார் ஓடத்தான் செய்கிறது!

காடிலாக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறோமே, நம் ஊர் ‘ஆண்ட பரம்பரை’ எந்த ஆவணத்தைக் காட்டி ஒட்டப்பட்டது? எந்தக் கோட்டை, எந்த ஆண்டு, எந்தக் கல்வெட்டு? ஒட்டு அச்சிடும் கடைக்காரரிடம் கேட்டால் உண்மை சொல்வார்: “சிங்கத்துக்கு ஒரு விலை, புலிக்கு ஒரு விலை, சாதிப் பெயரை மாற்றிக் கொள்ளலாம், வாள் ஒன்றுதான்!” ஒரே வாள், ஒரே சிங்கம், ஊருக்கு ஊர் ஒரு பரம்பரை. எல்லோரும் ஆண்டவர்கள் என்றால், ஐயா, ஆளப்பட்டவர்கள் எங்கே போயினர்? ஏர் பிடித்தவர் எவர்? ஏரி வெட்டியவர் எவர்? அவர்களுடைய பேரர்கள்தாம் இன்று வாள் படம் ஒட்டிக்கொண்டு அலைகின்றனர் என்பதை உணர எத்தனை நேரம் ஆகும்?

தோழர்களே! இந்த மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களிலே, செங்கற்பட்டிலே கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டத்தைப் பெயரோடு ஒட்டி எழுதுவதைக் கைவிட வேண்டுமெனத் தீர்மானித்தது. காவல் துறை மிரட்டவில்லை. தண்டத் தொகை எதுவும் விதிக்கப்படவில்லை. மனிதர்கள் தாமாகவே, தலைமுறை தலைமுறையாகத் தொங்கிக்கொண்டிருந்த வாலை நறுக்கி எறிந்தனர். இன்று தமிழ்நாட்டுப் பள்ளியிலே ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது காதில் விழுவது பெரும்பாலும் ஒரு முதலெழுத்தும் ஒரு பெயருமே. வடநாட்டு அலுவலகத்திலே படிவம் நிரப்பப் போகும் நம் இளைஞன், குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தின் முன்னே விழிக்கிறானே, அந்த விழிப்பு நம் வரலாற்றின் வெற்றிப் பட்டயம்!

ஆனால் பல்லியின் வால் அறுந்தால் மீண்டும் முளைக்கும் என்பதை மறந்தோம். பெயரின் பின்னொட்டாக இருக்க இடமில்லாமற் போன சாதி, வண்டியின் பின் ஒட்டாக வந்து குடியேறிற்று! பாட்டன், கையெழுத்திலிருந்து நீக்கியதைப் பேரன் பின்கண்ணாடியிலே பெரிதாக எழுதுகிறான். பாட்டனுக்குச் சிறிய எழுத்திலே இருந்தது. பேரனுக்குச் சாலையின் மறுகோடியிலிருந்தும் தெரிகிறது. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

இது வெறும் வேடிக்கை என்று விட்டுவிட முடியுமா? 2023 ஆகஸ்டிலே நாங்குநேரியிலே நடந்ததை எண்ணிப் பாருங்கள். பட்டியல் இன மாணவன் ஒருவனை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். நாடு நடுங்கிற்று. அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் தலைமையிலே குழு ஒன்றை அமைத்தது. 2024 ஜூனிலே அந்தக் குழு தந்த பரிந்துரைகளிலே ஒன்று என்ன? சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றை மாணவர் மணிக்கட்டிலே கட்டக்கூடாது என்பது! நீதி அறிந்த பெரியவர், ஒரு முழக் கயிற்றைப் பற்றி ஏன் எழுதினார்? பிள்ளையின் மணிக்கட்டிலே கயிறாக இருப்பதுதான் அப்பனின் காரிலே ஒட்டாக இருக்கிறது. கயிற்றைக் கட்டிக்கொண்ட பிள்ளை அதை எங்கே கற்றான்? பள்ளிக்குப் போகும் வழியிலே, முன்னால் போன வண்டிகளின் முதுகிலே கற்றான்! அவனுக்கு அரிச்சுவடி அதுதான்.

சாதி ஒட்டு சமூகத்தைக் கெடுக்கிறது என்றால், பதவி ஒட்டு பாதுகாப்பையே கெடுக்கிறது. 2001 டிசம்பர் 13-ஆம் நாள் தில்லி நாடாளுமன்ற வளாகத்துக்குள் கொலைகாரர்கள் நுழைந்தது எப்படி? சுரங்கம் தோண்டியா? மதில் ஏறியா? இல்லை! வெள்ளை அம்பாசடர் காரிலே, தலையிலே சிவப்பு விளக்கு, கண்ணாடியிலே உள்துறை அமைச்சகத்தின் பெயரால் போலி ஒட்டு. அந்தத் தாளும் விளக்கும் அவர்களுக்கு வாயிலைத் திறந்துவிட்டன. காவலர்கள் உயிரைக் கொடுத்துத் தடுத்தனர். பார்த்தவுடன் பணிய வேண்டும் என்று ஒரு நாட்டைப் பழக்கி வைத்தால், அந்தப் பணிவைப் பயன்படுத்திக்கொள்ள நல்லவன் மட்டுமா வருவான்?

சட்டம் சும்மா இருக்கவில்லை. 2013 டிசம்பரிலே உச்சநீதிமன்றம், சிவப்புச் சுழல் விளக்கைக் கண்டவர் எல்லாம் பொருத்திக்கொள்வதைக் கண்டித்தது. 2017 மே முதல் நாளிலிருந்து, நடுவணரசு அந்த விளக்கை அமைச்சர்கள், அதிகாரிகள் அனைவர் வண்டியிலிருந்தும் இறக்கியது. ஆம்புலன்சு, தீயணைப்பு போன்ற அவசர ஊர்திகளுக்கே விளக்கு என்றாயிற்று. உழைக்கும் மக்களின் நாளிலே இறங்கிற்று ஆணவத்தின் விளக்கு, பொருத்தமான நாள்தான்! 2024-லே சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, தனியார் வண்டிகளிலே துறைப் பெயர்களையும் சின்னங்களையும் ஒட்டக்கூடாதென அறிவித்து, மே 2 முதல் நடவடிக்கை தொடங்கியது. 2025 செப்டம்பரிலே அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பைத் தொடர்ந்து, உத்தரப் பிரதேச அரசு வண்டிகளிலே சாதிப் பெயரையும் சாதி முழக்கத்தையும் எழுதத் தடை விதித்தது.

உத்தரப் பிரதேசம் ஆணையிடுகிறது. செங்கற்பட்டு மாநாட்டின் நாட்டிலே வாள் படம் விற்கிறது! தலை நிமிர்ந்து நடந்தவர்களுக்குச் சற்றே தலை குனிய வேண்டிய வேளை இது.

ஆனால் ஒன்று. தண்டம் சில நூறு ரூபாய். இலட்சக்கணக்கில் வண்டி வாங்கியவனுக்கு அது தேநீர்ச் செலவு. ஆங்கிலேயர் சின்னத்துக்குப் போட்ட வரியைப்போல, அதையும் அவன் கட்டிவிட்டு ஒட்டிக்கொள்வான். விளக்கு இறங்கியதும் என்ன செய்தார்கள்? விளக்கு இருந்த பெருமையை ஒட்டிலே ஏற்றினார்கள். ஒட்டை உரித்தால் நாளை முன்பலகையிலே தொப்பியை வைப்பார்கள், கொடியைக் கட்டுவார்கள். மமதை, வீடு மாறும். ஊரை விட்டுப் போகாது. ஆகவே சட்டம் உரிப்பது ஒரு பாதி. தன் கையாலே தானே உரிப்பது மறு பாதி. அந்த மறு பாதிதான் நமக்கு உரியது.

நமக்கு என்றேன், வேண்டுமென்றேதான் சொன்னேன். சாதி ஒட்டைக் கண்டு சீறும் தோழரே, உம்முடைய வண்டியைச் சற்றுச் சுற்றி வந்து பார்க்கலாமா? கட்சிக் கொடியின் நிறத்திலே எண்பலகை, வட்டச் செயலாளரின் பெயர், தலைவரின் படம். அந்தப் படத்தைக் காட்டிச் சுங்கச்சாவடியிலே கட்டணம் தர மறுத்தது உண்டா, இல்லையா? ‘நிறுத்தக்கூடாது’ என்ற பலகையின் கீழே நிறுத்திவிட்டு, கொடியைப் பார்த்துக் காவலர் போய்விடுவார் என்று நம்பியது உண்டா, இல்லையா? சமத்துவம் பேசிய தலைவரின் முகத்தைச் சலுகைச் சீட்டாக்குவதைவிட அவருக்குச் செய்யும் அவமதிப்பு வேறென்ன?

“அப்படியானால் ஒரு முழக்கத்தையும் ஒட்டக்கூடாதா?” என்று கேட்பீர். ஒட்டலாம். கருத்தைச் சொல்லும் ஒட்டு வேறு. தகுதியைச் சொல்லும் ஒட்டு வேறு. ‘மரம் வளர்ப்போம்’ என்றும், ‘குடித்துவிட்டு ஓட்டாதே’ என்றும் ஒட்டினால், அதைப் படிப்பவன் ஒப்புவான், அல்லது மறுப்பான், அவன் சிந்திக்கிறான். தகுதியைச் சொல்லும் ஒட்டோ சிந்திக்கச் சொல்வதில்லை, ஒதுங்கச் சொல்கிறது. பிரித்தறிய எளிய உரைகல் ஒன்று உண்டு. ‘இதை உரித்துவிட்டால் எனக்கு எது குறையும்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒன்றும் குறையாது என்றால் அது கருத்து. காவலரின் தயக்கம் குறையும், கட்டணச் சாவடியின் பணிவு குறையும், வாகன நிறுத்தத்திலே கிடைக்கும் நிழல் குறையும் என்றால், அது கருத்தன்று, கையூட்டு! காசாகக் கொடுக்காமல் அச்சமாகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

“மருத்துவர்? உயிர் காக்க ஓடுபவர் ஆயிற்றே!” என்று கேட்கலாம். உயிர் காக்கும் ஓட்டத்துக்கு ஆம்புலன்சு உண்டு. அதற்கு ஒலியும் உண்டு, ஒளியும் உண்டு. மருத்துவரின் கார் கடைவீதிக்கும் போகிறது. திரைப்படக் கொட்டகைக்கும் போகிறது. ஒட்டும் உடன் போகிறது. அவசரம் வந்து போகும். ஒட்டு வந்தால் போவதில்லை. அவசரத்துக்கு அடையாள அட்டையைக் காட்டினால் எந்தக் காவலர் தடுப்பார்?

சாலையிலே ஓடும் குறிகளிலே மிக நேர்மையானது எது என்று என்னைக் கேட்டால், வாகனம் ஓட்டக் கற்பவர் வண்டியிலே உள்ள சிவப்பு ‘எல்’ எழுத்தைக் காட்டுவேன். “எனக்கு இன்னும் சரியாக ஓட்டத் தெரியாது, தயவு செய்து பொறுத்துக்கொள்ளுங்கள்” என்கிறது அது. உயர்வைப் பறைசாற்றவில்லை, குறையை ஒப்புக்கொள்கிறது. தேர்ச்சி பெற்ற மறுநாள் எடுத்துவிட வேண்டிய குறி. அதைத்தான் நம்மவர்கள் வெட்கப்பட்டு மறைக்கின்றனர். வெட்கப்பட வேண்டியதைப் பின்கண்ணாடி முழுவதும் விரிக்கின்றனர்!

கம்பெனிக்காரன் பதித்த உலோக எழுத்துகளையும் ஒரு சொல் கேட்போம். ஒரே கார், ஒரே உடல், எஞ்சினின் அளவையும் வசதிகளையும் பொறுத்து வேறு வேறு எழுத்து. குறைந்த விலைக் காரை வாங்கி, கூடுதல் விலைக் காரின் எழுத்தைக் கடையிலே வாங்கி ஒட்டிக்கொள்வோர் நம் ஊரிலே உண்டு. செருமனியிலே வேறு பழக்கத்தைக் காணலாம். பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் கம்பெனிகளின் பட்டியலிலே, ‘பின்னால் வகை எழுத்து வேண்டாம்’ என்பதும் வாங்குவோரின் விருப்பங்களுள் ஒன்று. எது பெரிய எஞ்சின், எது சிறிய எஞ்சின் என்பது ஓட்டுகிறவனுக்குத் தெரிந்தால் போதும், ஊருக்கு எதற்கு என்கின்றனர். இல்லாததை ஒட்டிக்கொள்ளும் நாட்டுக்கும், இருப்பதையே வேண்டாமென்று சொல்லும் வாடிக்கையாளருக்கும் எத்துணைத் தொலைவு!

சரி, உரிப்பது என்று முடிவு செய்தாயிற்று. எப்படி உரிப்பது? பகுத்தறிவாளனுக்கு ஆவேசம் மட்டும் போதாது; கைத்திறனும் வேண்டும். ஆத்திரத்தோடு கத்தியை எடுத்துச் சுரண்டினால், ஒட்டு போகும். வண்டியின் தோலும் சேர்ந்து போகும். காரின் உடலிலே பூச்சு அடுக்கடுக்காக இருக்கிறது: அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அதன்மேல் கண்ணாடி போன்ற மேற்பூச்சு. அத்தனையும் சேர்ந்தாலும் மில்லிமீட்டரிலே பத்தில் ஒரு பங்கு, அல்லது சற்றே கூடுதல். அவ்வளவு மெல்லிய தோலிலே கத்திக்கு வேலை இல்லை.

முதலிலே சோப்பு நீரால் அந்த இடத்தைக் கழுவ வேண்டும். மணல் துகள் ஒன்று இருந்தாலும் தேய்க்கும்போது கீறிவிடும். பிறகு, தலைமுடி உலர்த்தும் கருவியால் இதமாகச் சூடேற்ற வேண்டும். சூடு பட்டால் பசை இளகும். கை வைக்க முடியாத சூடு கூடாது, பூச்சுக்குக் கேடு. மூலையை நகத்தால் தூக்கி, ஒட்டைத் தன்மேலேயே மடித்தாற்போல், வண்டியின் உடலையொட்டி மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் ஒட்டு துண்டு துண்டாகக் கிழியும். பசை அங்கேயே தங்கும். தங்கிய பசையை மண்ணெண்ணெயோ, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ நனைத்த மென்துணியால் துடைத்து, உடனே சோப்பு நீரால் கழுவிவிட வேண்டும். தின்னரும், நகப்பூச்சு நீக்கியும் ஆகா. அவை பசையையும் தின்னும், பூச்சையும் தின்னும். உலோக எழுத்தாயின், சூடேற்றி, அதன் முதுகுக்கும் வண்டிக்கும் நடுவே தூண்டில் நரம்பை நுழைத்து, இரம்பம் இழுப்பதுபோல் இருபுறமும் இழுத்தால் பசை அறுபடும். சில எழுத்துகள் ஆணிக்கால் பதித்து நிற்பவை. அவற்றை எடுத்தால் ஓட்டை தெரியும். முன்னமே பட்டறையிலே விசாரித்துக்கொள்வது நல்லது.

உரித்தாயிற்று. துடைத்தாயிற்று. எட்ட நின்று பார்க்கிறீர். என்ன இது! சிங்கம் போயிற்று, சிங்கத்தின் வடிவம் அப்படியே நிற்கிறது! பேய் இல்லை, பிசாசு இல்லை என்று மேடைதோறும் முழங்கும் நாம், இந்த ஒரு பேயை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஏனெனில் இதற்குக் காரணம் தெரியும். ஆண்டுக்கணக்கிலே வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுச் சுற்றிலும் நிறம் மங்கிற்று. ஒட்டுக்கு அடியிலே மட்டும் வெயில் படவில்லை. அங்கே பழைய நிறம் மங்காமல் நிற்கிறது. காரணம் தெரிந்தால் விரட்டவும் தெரியும். வேப்பிலை வேண்டாம், ரப்பிங் காம்பவுண்டும், மென்துணியும், பொறுமையும் போதும். மங்கிய மேற்படலத்தை நுண்ணிய அளவிலே தேய்த்து, சுற்றுப்புறத்தையும் அந்த இடத்தையும் ஒன்றுபோல் ஆக்க வேண்டும். பிறகு மெழுகுப் பூச்சு இட வேண்டும். ஒரே நாளிலே முடியாது. மிகப் பழைய ஒட்டாயின் முழுவதும் மறையாமலும் போகலாம்.

தோழர்களே, சொல்ல வந்தது இதுதான்! பெயரிலே இருந்த ஒட்டை நம் முன்னோர் உரித்தனர். ஆனால் அதன் நிழலுருவம் நிற்கிறது. பெயரிலே சாதி இல்லை. மணமகள் தேவை விளம்பரத்திலே இருக்கிறது. அழைப்பிதழிலே சாதி இல்லை, வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், “நீங்கள் எந்த ஊர்ப் பக்கம்?” என்ற இனிப்பான கேள்வியிலே இருக்கிறது. கையெழுத்திலே இல்லை, ஊரின் கோடியிலே தனியாக நிற்கும் சுடுகாட்டிலே இருக்கிறது. ஒட்டை உரித்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணி, தேய்க்கும் துணியைக் கீழே வைத்தோம். உருவம் மங்காமல் நின்றது. அதைப் பார்த்துப் பேரன், புதிய ஒட்டை அதே இடத்திலே அளவு பிசகாமல் ஒட்டிவிட்டான்!

ஆகவே, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். தெருவிலே இளைஞர்கள் கூடுங்கள். வாளி நீர், சோப்பு, சூடேற்றும் கருவி, மென்துணி. முதலிலே உங்கள் வண்டியிலிருந்து தொடங்குங்கள், கட்சிப் பதவியை உரியுங்கள், கழுவுங்கள். பிறகு அண்ணன் வண்டி. பிறகு சிற்றப்பன் வண்டி. சிற்றப்பன் முறைப்பார், “எங்கள் குலப் பெருமை” என்பார். அவரிடம் சண்டை வேண்டாம். கத்தி, பூச்சைக் கெடுக்கும் என்று படித்தோம் அல்லவா? இதமான சூடு, இடைவிடாத முயற்சி. “சித்தப்பா, இந்தச் சிங்கத்தை எடுத்துவிட்டால் வண்டி ஓடாதா?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஓடும் என்பார். “பிறகு எதற்குச் சுமக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். விடை வராது. விடை வராத இடத்திலேதான் பசை இளகத் தொடங்கும்.

உரித்த ஒட்டைக் குப்பையிலே போட்டுவிட்டு, துணியைக் கையிலே எடுங்கள். தேய்க்க வேண்டியது நிறைய இருக்கிறது!